பிரேக்கக்காவும் ஐஸ் வண்டியும்

எங்க அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. வராத ஆளு, நாப்பது வயசைத் தொடப்போற நேரத்துல ஒரே ஒரு பொய் சொன்னான். அதுவும் ஒரு சினிமாவைப் பத்தி. அதுவும் ஓடாத சினிமாவைப் பத்தி. அதுவும் பொய்னாலே பத்திக்கிட்டு எரியற ஒரு மனுஷிகிட்ட! அதுக்கப்புறம் அவன் பட்ட பாடு இருக்கே, அதைச் சொல்லணும்னா முதல்ல அந்த மனுஷியைப் பத்திச் சொல்லணும்.

அவங்களுக்குப் பட்டப்பேரு பிரேக்கக்கா. நிஜப் பேரைக் கேட்டா டிரைவிங் ஸ்கூல் முதலாளியே கொஞ்சம் யோசிச்சுத்தான் சொல்வாரு. பழகுற வண்டியில கத்துக்குடுக்கறவங்க காலுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீங்க. கத்துக்கிறவங்க தடுமாறினா இவங்க அமுக்கி நிறுத்திடுவாங்க. வருஷக்கணக்கா அமுக்கி அமுக்கி, அக்காவோட வலது காலு இப்போ அவங்க பேச்சையே கேக்கறதில்ல. பஸ்ல போனா டிரைவருக்கு முன்னாடி இவங்க பிரேக் போட்டுடுவாங்க. ஒரு நாள் எங்க வீட்டு சோபாவுல உக்காந்து பேசிக்கிட்டு இருக்காங்க, உள்ள அம்மா "ஐயோ, பால் பொங்குது"ன்னு கத்தினாங்க. அக்கா காலு டக்குனு தரையை அமுக்குச்சு. "பாலுக்குமா பிரேக்கு?"ன்னு கேட்டேன். அவங்களுக்கே சிரிப்பு தாங்கல.

சிரிக்கிற ஆளுதான். ஆனா ஒரு விஷயத்துல மட்டும் நெருப்பு. "மிரர் பார்த்தீங்களா?"ன்னு கேப்பாங்க. ஓட்டறவரு ரோட்டையே முறைச்சுக்கிட்டு, "பார்த்தேன்க்கா"ம்பாரு. "பார்க்கல. ஓரமா நிறுத்துங்க. இறங்குங்க." அவ்வளவுதான். இறக்கி விட்டுட்டு அடுத்த முனையில வண்டியை நிறுத்திக்கிட்டுக் காத்திருப்பாங்க. அந்த ஆளு வேகாத வெயில்ல நடந்து வந்து ஏறணும். ஒரு பேங்க் மேனேஜர், கோட்டும் டையுமா, பாவம், அப்படி நடந்து வந்ததை நானே பார்த்திருக்கேன்.

ஏன்க்கா இப்படின்னு கேட்டதுக்கு அவங்க சொன்னது இது: "ஓட்டத் தெரியலன்னா நான் கத்துக்குடுப்பேன், அதுக்குத்தான் இருக்கேன். ஆனா பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்ற ஆளோட ஒரே வண்டியில என்னால உக்கார முடியாது. எந்த நேரத்துல எங்க கொண்டுபோய் மோதுவாருன்னு தெரியாதே."

இந்த வார்த்தையை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. எங்க அண்ணன் வச்சுக்கல.

அக்கா எடுத்த எடுப்புல வண்டி ஓட்ட வந்தவங்க இல்ல. சின்ன வயசுல ஒரு செருப்புக் கடையில வேலை. நாள் பூரா அடுத்தவங்க காலடியில உக்காந்து அளவு பார்க்கிற வேலை. ஒரு லீவு நாள்ல, போக வேற இடம் இல்லாம, தனியா ஒரு படத்துக்குப் போயிருக்காங்க. புதுப் படம், முதல் நாள், காலைக் காட்சி. தியேட்டர்ல விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் ஆளு. வெளிய வந்தவங்க நேரா வீட்டுக்குப் போகல. எதிர்ல இருந்த டிரைவிங் ஸ்கூலுக்குள்ள நுழைஞ்சு, "எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்கணும்"னு நின்னாங்களாம். அங்கேயே கத்துக்கிட்டு, அங்கேயே கத்துக்குடுக்க ஆரம்பிச்சு, இன்னைக்கு வரைக்கும் அங்கதான்.

அந்தப் படத்துக்கு என்னமோ பெரிய பேரு வச்சிருந்தாங்க, யாரு வாயிலயும் நிக்கல. நாங்க எல்லாம் ஐஸ் வண்டிப் படம்னுதான் சொல்வோம். கதை ரொம்பச் சின்னது. ஐஸ் ஃபாக்டரியில வேன் ஓட்டறவன் ஹீரோ. ஒரு நாள் அவன் ஏத்தின பெரிய ஐஸ் பாளத்துக்கு நடுவுல, அவனுக்கே தெரியாம, ஒரு சாவியை வச்சு உறைய வச்சிருக்காங்க. அது என்ன சாவின்னு கடைசி வரைக்கும் சொல்ல மாட்டாங்க. வில்லனுக்கு அந்தச் சாவி வேணும். ஹீரோ ஐஸ் உருகறதுக்குள்ள வேனை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். இதுல பாருங்க, வேன் போற வழியெல்லாம் தண்ணி சொட்டிக்கிட்டே போகும். வில்லன் தேடவே வேண்டாம், ரோட்டுல விழுந்த தண்ணிக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு நிதானமா பின்னாடியே வருவான்.

அந்த டைரக்டரே ஒரு தனி ரகம். அவர் படத்துல அடிதடி எல்லாம் மூடின கதவுக்குப் பின்னாடி நடக்கும். கேமரா வெளிய, வராண்டாவுல காத்துக்கிட்டு இருக்கிற ஆளு முகத்துலயே நிக்கும். உள்ள சத்தம் மட்டும். கதவு திறந்து யாரு வெளிய வர்றாங்களோ அவங்க ஜெயிச்சாங்கன்னு அர்த்தம். சண்டை முடிஞ்சதும் ஹீரோ வீர வசனம் எல்லாம் பேச மாட்டான், கட்டிலுக்கு அடியில குனிஞ்சு தன்னோட ஒத்தைச் செருப்பைத் தேடுவான். வில்லன் குரலை உசத்தவே மாட்டான். காருல ஏறினா முதல்ல சீட் பெல்ட் போடுவான். "செருப்பைத் தேடினான் பாரு, அப்பவே நான் விழுந்துட்டேன்"னு அக்கா சொல்வாங்க. செருப்புக் கடையில வேலை பார்த்தவங்க இல்லையா.

ஆனா அக்கா உயிரா நினைக்கிறது ஒரு சிக்னல் சீனை. முதல் நாள் வகுப்புல, யாரா இருந்தாலும், ஸ்டியரிங்கைத் தொடறதுக்கு முன்னாடி அந்த சீனை சொல்லித்தான் ஆரம்பிப்பாங்க.

"உயிர் போற துரத்தல். ஹீரோ முன்னாடி, வில்லன் பின்னாடி. சிக்னல்ல சிவப்பு விழுது. ஹீரோ என்ன பண்றான்? நிறுத்தறான். ஏன்னா குறுக்கால ஒரு அம்மா, குழந்தையைக் கையில பிடிச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டுறாங்க. வில்லனும் பின்னாடி வந்து நிக்கறான். மியூசிக் கிடையாது. ஐஸ் தண்ணி சொட்டற சத்தம் மட்டும். பச்சை விழுது. ஹீரோ ஒழுங்கா நியூட்ரல்ல வச்சிருந்தான், கியரைப் போட்டான், போயிட்டான். வில்லன் கியர்லயே வச்சுக்கிட்டு கிளட்ச்சை விட்டான், வண்டி ஆஃப் ஆயிடுச்சு. அங்கதான் கோட்டை விட்டான். புரியுதா? உயிரே போனாலும் சிவப்புன்னா நிக்கணும். நின்னா நியூட்ரல்."

கேக்க அருமையா இருக்கும். ஒரே ஒரு தொந்தரவு. அப்படி ஒரு சீனைப் பார்த்ததா உலகத்துல வேற யாருமே சொன்னதில்ல.

நடந்தது என்னன்னா, அன்னைக்குக் காலைக் காட்சி முடிஞ்சதுமே, படம் நீளம், இழுக்குதுன்னு சொல்லி மதியக் காட்சிக்குள்ள கத்தரி போட்டுட்டாங்களாம். மெதுவா போற இடமெல்லாம் போச்சு. வராண்டா போச்சு, செருப்புத் தேடறது போச்சு, சிக்னலும் போச்சு. மிச்சம் இருந்தது சக்கரமும் புகையும். டிவியில போடறதும் அந்த வெட்டின படம்தான். நானும் டிவியில பார்த்தேன். குப்பை. துரத்திக்கிட்டே வர்ற வில்லன் திடீர்னு காணாமப் போறான், ஏன்னே தெரியல. ஒருத்தரும் ஏன்னு சொல்லவும் இல்ல. "அக்கா, இதுக்குப் போயா வேலையை விட்டீங்க?"ன்னு கேட்டேன். "நீ பார்த்தது படம் இல்ல, மிச்சம்"னாங்க.

யாரு நம்புவா? பின்னாடி சீட்டுல உக்காந்திருக்கிற பசங்க, "அக்கா படம் வேற, நம்ம படம் வேற"ன்னு கிண்டல். "அக்கா கனவுல வந்த ரீல்"னு ஒருத்தன். அக்கா கூடச் சேர்ந்து சிரிச்சுடுவாங்க, ஆனா அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்குவாங்க. இந்தப் படத்தால ஒரு வரனே தட்டிப் போச்சு. வந்தவரு, "நான் அந்தப் படத்தை முழுசா பார்த்திருக்கேன், அப்படி சீனே கிடையாது"ன்னு அடிச்சு சொல்லியிருக்காரு. "சரி, படம் எப்படி முடியும்?"னு அக்கா கேட்டிருக்காங்க. அவரு முழி முழின்னு முழிச்சிருக்காரு. "சீன் இல்லன்னு சொன்னதுக்கு எனக்குக் கோபமே இல்ல. பார்க்காமலே பார்த்தேன்னு சொன்னாரு பாரு, அதோட முடிஞ்சுது"ன்னு எங்கிட்ட சொன்னாங்க. இதை அவங்க சொன்னப்போ எங்க அண்ணன் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தான். காது ரெண்டும் நல்லாத்தான் இருக்கு அவனுக்கு.

எங்களோடது கண்ணாடிக் கடை. அண்ணன் உள்ள கண்ணு டெஸ்ட் பண்ணுவான். நான் வெளிய ஃபிரேம் எடுத்துப் போட்டு, "இது உங்க மூஞ்சிக்கு நல்லா இருக்கு, இது வேண்டாம், பக்கத்து வீட்டு மாமா மாதிரி இருக்கு"ன்னு உள்ளதை உள்ளபடி சொல்லி விக்கறவ. லைசென்சுக்கு முன்னாடி கண்ணு டெஸ்ட் வேணுமே, அதுக்கு அக்கா தன்னோட ஆளுங்களை எங்க கடைக்குத்தான் கூட்டிட்டு வருவாங்க. அண்ணனோட வேலையே பொய்யைப் பிடிக்கிற வேலைதான். கடைசி வரி எழுத்து தெரியலன்னு ஒத்துக்க யாருக்கும் மனசு வராது. "தெரியுது சார், தெரியுது"ன்னு குத்துமதிப்பா அடிச்சு விடுவாங்க. அண்ணன் பொறுமையா, "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, ஒண்ணும் தப்பில்ல. சொன்னாத்தானே சரி பண்ண முடியும்?"பான். இதை அவன் தூக்கத்துல கூட சொல்வான்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள், கடை நிறைய ஆளு இருக்கிறப்போ, வாயைத் திறந்தான். ரெண்டு மூணு பேரு சேர்ந்து அக்காவை ஐஸ் வண்டியை வச்சு ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. அன்னைக்கு அக்கா முகம் சட்டுனு வாடிப் போச்சு. உள்ள இருந்து அண்ணன் லென்ஸும் கையுமா தலையை நீட்டி, "ஏன் இல்ல? அந்த சீன் இருக்கே. நான் பார்த்திருக்கேன்"னான்.

அக்கா திரும்பிப் பார்த்தாங்க. "எங்க பார்த்தீங்க?"

"தியேட்டர்லதான். முதல் நாள் காலைக் காட்சி. பால்கனியில உக்காந்து பார்த்தேன். வில்லன் காரு ஆஃப் ஆகுமே!"

அக்கா அவனைக் கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தாங்க. அப்புறம் மெல்லச் சிரிச்சு, "அப்படியா"ன்னாங்க. அதுக்கப்புறம் அவங்களுக்கு அடிக்கடி கண்ணு உறுத்த ஆரம்பிச்சுது. அண்ணனுக்கு இத்தனை வருஷம் கழிச்சுத் திடீர்னு வண்டி ஓட்டக் கத்துக்கணும்னு ஆசை வந்துச்சு. ரெண்டு பேரும் டீ குடிக்கப் போனா டீ ஆறிப் போகும், பேச்சு ஆறாது. நான் என்ன சின்னப் பிள்ளையா, எனக்கா தெரியாது? ஒரு நாள் அண்ணன் மோதிரம் வாங்கிட்டு வந்து அம்மாகிட்ட காட்டினான். அம்மாவுக்குக் கண்ணுல தண்ணி. எங்க எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம். மோதிரம் மாத்தி, கல்யாணத்துக்கு நாளும் குறிச்சாச்சு.

இப்படி எல்லாம் நல்லா போய்க்கிட்டு இருக்கிறப்போதான் நூலக வாசல்ல நான் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். யாரும் கண்டுக்காம விட்ட பழைய படங்களை நூலகத்து ஹால்ல போடறாங்களாம். வர்ற ஞாயித்துக்கிழமை ஐஸ் வண்டி. கீழே, "படத்தொகுப்பாளர் பாதுகாத்து வைத்திருந்த, வெட்டப்படாத முதல் பிரதி"ன்னு போட்டிருந்துச்சு. எனக்குக் காலு தரையில நிக்கல. அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "நிஜமாவா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. மொத்த டிரைவிங் ஸ்கூலையும் கூட்டிட்டு வர்றதா சொன்னாங்க.

கடைக்கு ஓடி வந்து அண்ணன்கிட்ட சொன்னா, அவன் மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி ஆயிடுச்சு.

"என்னடா ஆச்சு உனக்கு?"

கதவைச் சாத்திட்டு வந்து, "நான் அந்தப் படத்தைப் பார்க்கல"ன்னான்.

"எந்தப் படத்தை?"

"அந்தப் படத்தைத்தான். தியேட்டர்லயும் பார்க்கல, டிவியிலயும் பார்க்கல. அவங்க முகம் வாடிப் போச்சு, பார்க்கத் தாங்கல. வாய் தவறி வந்துடுச்சு."

"அடப்பாவி! உனக்குப் பொய் சொல்ல வேற ஆளே கிடைக்கலையா? ஊரு உலகத்துல எவ்வளவு பேரு இருக்காங்க!" எனக்கு வந்த கோபத்துக்கு, கையில இருந்த கண்ணாடிக் கூட்டை அவன் மேலயே எறிஞ்சேன். "ஏற்கெனவே ஒருத்தரை இதுக்குத்தான் அனுப்பினாங்கன்னு தெரியும்ல? அடுத்த சீன் என்னன்னு அவங்க கேட்டா நீ முழிப்ப, ஞாயித்துக்கிழமைக்குள்ள நீயே சொல்லிடு. அவங்களாக் கண்டுபிடிச்சா மோதிரம் போச்சு, கல்யாணம் போச்சு, எல்லாம் போச்சு."

"சொன்னாலும் போயிடுமே"ன்னான் பரிதாபமா.

சொல்லத்தான் பார்த்தான். மறுநாள் வண்டி பழகப் போனப்போ தைரியத்துக்கு என்னையும் பின் சீட்டுல ஏத்திக்கிட்டான். ரவுண்டானா கிட்ட போறப்போ, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்"னு ஆரம்பிச்சான். அக்கா, "ரோட்டைப் பாருங்க"ன்னாங்க. இன்னும் கொஞ்ச தூரம் போய், "அந்தப் படம் இருக்கே..."ன்னான். வண்டி ஆஃப் ஆயிடுச்சு. பின்னாடி பத்து வண்டி ஹாரன். "படத்தைப் பத்தி ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம். இப்போ கிளட்ச்சை அமுக்குங்க"ன்னு அக்கா சொன்னாங்க. அதோட அவன் வாயையும் சேர்த்து அமுக்கிட்டான். எருமை, எருமை!

ஞாயித்துக்கிழமை ஹால் நிறைஞ்சு போச்சு. எல்லாம் பிரேக்கக்காவோட ஆளுங்க. பேங்க் மேனேஜர் கூட குடும்பத்தோட வந்திருந்தாரு. டிரைவிங் ஸ்கூல் முதலாளி முன் வரிசையில. அக்கா நல்ல உடுப்பா உடுத்திக்கிட்டு, எனக்கும் அண்ணனுக்கும் நடுவுல உக்காந்தாங்க. "சீன் இல்லாம போயிட்டா என்னடி பண்றது? நிஜமாவே கனவு கண்டிருந்தேன்னா?"ன்னு என் காதுல கேட்டாங்க. அவங்களுக்கே அப்படி ஒரு பயம் உள்ள இருந்திருக்குன்னு எனக்கு அப்போதான் தெரியும். மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

படம் ஆரம்பிச்சுது. நான் டிவியில பார்த்தது மிச்சம்தான், சத்தியமா மிச்சம்தான். வராண்டாவுல ஒரு கிழவரு உக்காந்திருக்காரு, உள்ள மேஜை உடையற சத்தம். அவரு டீயைக் குடிக்கவும் முடியாம, வைக்கவும் முடியாம முழிக்கிறாரு. ஒரு அடி கூடத் திரையில விழல, ஆனா ஒவ்வொரு அடியும் எனக்கு வலிச்சுது. ஹீரோ செருப்பைத் தேடினப்போ ஹாலே சிரிச்சுது. அப்புறம் துரத்தல். ஐஸ் தண்ணி சொட்டுது, பின்னாடி அந்த நீளமான கருப்புக் காரு. எதிர்ல வண்டி வரும்போதெல்லாம் அக்கா பிரேக் போட்டாங்க. அவங்க காலுக்குக் கீழே இருந்தது என் காலு.

தூரத்துல சிக்னல் தெரிஞ்சுது. "இதோ, இதோ"ன்னு அக்கா என் கையைப் பிடிச்சாங்க. சிவப்பு விழுந்துச்சு. குறுக்கால அந்த அம்மா, கையில குழந்தை.

ஹீரோ நிறுத்தல.

ஒரு முடி இடைவெளியில அந்த அம்மாவை உரசிக்கிட்டுப் போயிட்டான். அக்கா என் காலை மிதிச்ச மிதியில எனக்கு உயிரே போச்சு. பின்னாடி வந்த கருப்புக் காரு மெதுவா வந்து, கோட்டுக்கு இந்தப் பக்கம், அழகா நின்னுச்சு. வில்லன் நின்னான்! எஞ்சினை அவனே அணைச்சான். அந்த அம்மா நடுங்கிப் போய் நிக்கறாங்க. அவன் கையைக் காட்டி, போங்கம்மான்னு சைகை பண்றான். பாதி ரோட்டுல குழந்தையோட ஷூ ஒண்ணு கழண்டு விழுது. குழந்தை திரும்பி வந்து எடுத்து, குந்தி உக்காந்து, வலது இடது பார்த்து மாட்டுது. அவன் காத்திருக்கான். மியூசிக் இல்ல. சொட்டற சத்தமும் தூரமாப் போயிடுச்சு. வெயில் காயுது. ரோட்டுல அந்தத் தண்ணிக் கோடு, நம்ம கண்ணு முன்னாடியே, ஓரத்துல இருந்து காஞ்சு காஞ்சு மறையுது. பச்சை விழுந்தப்போ ரோடு காஞ்சு போச்சு. ஹீரோ எந்தப் பக்கம் போனான்னு இனிமே யாருக்கும் தெரியாது. வில்லன் கொஞ்ச நேரம் அந்தக் காஞ்ச ரோட்டைப் பார்த்துட்டு, இண்டிகேட்டர் போட்டுத் திரும்பிப் போறான்.

இதையா வெட்டினாங்க பாவிங்க! படத்தோட உசுரே இதுலதானே இருக்கு.

ஹால் மொத்தமும் திரும்பி அக்காவைப் பார்த்துச்சு. அக்கா வாயைப் பொத்திக்கிட்டு இருந்தாங்க. அழறாங்களோன்னு நினைச்சேன். சிரிப்பு! கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிப்பு. "ஐயையோ, இத்தனை வருஷமா வில்லனை மாதிரி ஓட்டுங்கன்னா சொல்லிக்குடுத்திருக்கேன்!" முதலாளி முன்னால இருந்து, "பரவால்லம்மா, அவன்தான் ஒழுங்கா ஓட்டறான்"னாரு. பேங்க் மேனேஜர் கை தட்டினாரு. எல்லாரும் தட்டினாங்க.

படம் முடிஞ்சு பழகுற வண்டியிலதான் வீட்டுக்குக் கிளம்பினோம். அக்கா ஓட்டினாங்க, அண்ணன் பக்கத்துல, நான் பின்னாடி. அக்கா பேச்சை நிறுத்தவே இல்ல. "நல்லது பண்றவன் ஹீரோவாத்தான் இருக்கணும்னு நானே மாத்தி வச்சுக்கிட்டேன் போல. கத்துக்குடுக்க ஆரம்பிச்சப்புறம் நியூட்ரலையும் நானே சேர்த்திருக்கேன். ஆனா பாரு, நிஜத்துல இருக்கிறதுதான் பெருசு. கெட்டவன் ஒரே ஒரு நல்லது பண்ணான், அதனாலயே தோத்தான். எந்த டைரக்டருக்கு இந்தத் தைரியம் வரும்?"

கொஞ்ச தூரம் போனோம்.

"ஆமா, வில்லன் காரு ஆஃப் ஆகும்னு நீங்களும் சொன்னீங்களே"ன்னாங்க அண்ணனைப் பார்க்காம. "நான் தப்பா ஞாபகம் வச்சிருந்தேன், சரி. நீங்களும் எப்படி அதே தப்பை அப்படியே ஞாபகம் வச்சிருந்தீங்க?"

தப்பிக்கிறதுக்கு வழியை அவங்களே திறந்து வச்சுட்டாங்க. நீங்க சொல்லிச் சொல்லி மனசுல பதிஞ்சு போச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. சொல்லித் தொலைடான்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன். நானே பொய்யை நம்பி வேண்டிக்கிற நிலைமை!

அண்ணன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சான். மாட்டிக்கிட்டான்.

"நான் பார்க்கவே இல்லைங்க. இன்னைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். அன்னைக்கு நீங்க தனியா நிக்கற மாதிரி இருந்துச்சு, அதான் சொல்லிட்டேன். அப்புறம் உங்களை இழந்துடுவோமோன்னு பயத்துல மறைச்சேன். தப்புதான்."

அக்கா மிரரைப் பார்த்தாங்க. இண்டிகேட்டர் போட்டாங்க. வண்டியை ஓரமா நிறுத்தினாங்க.

"இறங்குங்க."

அண்ணன் கதவைத் திறந்து இறங்கிட்டான். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. "அக்கா, அவன் நல்லவன்க்கா, நம்ம முகம் வாடினா அவனுக்குத் தாங்காது, அவ்வளவுதான்க்கா"ன்னு என்னென்னமோ உளறினேன். அவங்க காதுல வாங்கிக்கவே இல்ல. பார்த்தா, அவங்களும் இறங்கறாங்க. வண்டியைச் சுத்திக்கிட்டு அண்ணன் பக்கம் போய் நின்னாங்க.

"பால்கனியில உக்காந்து பார்த்தேன்னீங்களே. அன்னைக்குக் காலைக் காட்சிக்கு ஆளே இல்லாம பால்கனியைப் பூட்டி வச்சிருந்தாங்க. நீங்க சொன்ன அந்த நிமிஷமே எனக்குத் தெரியும்."

அண்ணன் பேந்தப் பேந்த முழிச்சான். "தெரிஞ்சுமா..."

"தெரிஞ்சும்தான். இருக்குன்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான். பொய்னு தெரிஞ்சாலும் கேக்க அவ்வளவு நல்லா இருந்துச்சு. அதுக்காகவே எம்மேலயே எனக்குக் கோபம். என்னைக்கு உங்க வாயால சொல்வீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். இன்னைக்கும் மழுப்பியிருந்தீங்கன்னா மோதிரத்தைக் கழட்டி இந்த இடத்துலயே குடுத்துட்டுப் போயிருப்பேன்." கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. "போங்க, அந்தப் பக்கம் ஏறுங்க. நீங்க ஓட்டுங்க."

அண்ணன் ஏறினான். சீட் பெல்ட் போட்டான். மிரரை நிஜமாவே பார்த்தான், நான் சாட்சி. வண்டி குலுங்கிக் குலுங்கிக் கிளம்புச்சு. கடைத்தெரு முனையில சிவப்பு விழுந்துச்சு. அவன் கொஞ்சம் வேகமாத்தான் வந்துட்டான். முன்னாடி நின்ன லாரியோட பின்பக்கம் பெருசாகிக்கிட்டே வருது. ஐயோ, அண்ணி பிரேக் போடுங்கன்னு நான் எட்டி அவங்க காலைப் பார்த்தேன்.

ரெண்டு காலையும் பிரேக்குக்கு எட்டாம பின்னாடி மடக்கி வச்சுக்கிட்டு, ஜன்னல் வழியா வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

அண்ணன்தான் நிறுத்தினான். நிறுத்தி, நியூட்ரலுக்கு மாத்தினான்.